ஒரு மணி நேரத்தில் திருமயம்

எங்கள் பெரியப்பாவுக்கு ஒரு சாதனை உண்டு. எழுபதுகளில் காரைக்குடியில் வாடகை சைக்கிள் எடுத்து, திருமயம் கோட்டை வரைக்கும் மிதித்துப் போய், திரும்பக் கொண்டு வந்து கடையில் விட்டபோது ஒரு மணி நேரம்கூட ஆகவில்லையாம். ஒரு மணி நேர வாடகைதான் கொடுத்தாராம். பொங்கல், கல்யாணம், காதுகுத்து என்று எந்த விசேஷத்துக்குக் கூடினாலும் இந்தக் கதை வந்துவிடும். சின்ன வயதில் நான் வாய் பிளந்து கேட்டிருக்கிறேன். இஞ்சினியரிங் படித்த பிறகு கேட்கும்போது சங்கடமாக இருந்தது.

காரைக்குடியிலிருந்து திருமயம் ஏறக்குறைய 20 கிலோமீட்டர். போக வர 40. அப்படியானால் பெரியப்பாவின் சராசரி வேகம் மணிக்கு 40 கிலோமீட்டர். 1893 மே மாதம் பாரிஸில் பஃபலோ என்ற வெலோட்ரோமில் ஆன்றி தெக்ராஞ் என்பவர், ஒரு மணி நேரத்தில் எவ்வளவு தூரம் சைக்கிள் ஓட்ட முடியும் என்ற சாதனையை வைத்தார். 35.325 கிலோமீட்டர். (பத்து வருடம் கழித்து டூர் டி பிரான்ஸ் பந்தயத்தைத் தொடங்கியவரும் இவர்தான்.) 1972இல் மெக்சிகோ நகரத்தில் எடி மெர்க்ஸ் 49.431. 2022இல் இத்தாலியின் ஃபிலிப்போ கான்னா 56.792. இந்தப் பட்டியலில் தெக்ராஞ்சுக்கு மேலே, வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு, பின்னால் கேரியர் வைத்த வாடகை சைக்கிளில் எங்கள் பெரியப்பா வந்து உட்கார்கிறார்.

அவரை மடக்க வேண்டும் என்பதற்காக இதைத் தொடங்கவில்லை. சாதாரண ஆள், சாதாரண சைக்கிள், சாதாரண ரோடு. நிஜமாக எவ்வளவு வேகம் போக முடியும்? இந்தக் கேள்வி என்னைப் பிடித்துக்கொண்டது. பந்தய வீரர்களின் வேகத்தை நூற்று முப்பது வருடமாக தசம சுத்தமாகக் குறித்து வைத்திருக்கிறார்கள். பால்காரர், தபால்காரர், பள்ளிக்கூடத்து வாத்தியார் ஆகியோரின் வேகத்தை யாரும் குறிக்கவில்லை.

முதலில் சைக்கிள். பெரியப்பா பிற்பாடு சொந்தமாக வாங்கிய ஹெர்குலிஸ் இன்னும் வீட்டில் இருக்கிறது. இந்த ஹெர்குலிஸ் பர்மிங்காமில் பிறந்த பெயர். அதை இங்கே கொண்டு வந்தது பள்ளத்தூர்க்காரர்கள். பர்மாவில் வட்டித் தொழிலில் தொடங்கிய முருகப்பா குடும்பம், 1949இல் இங்கிலாந்தின் டியூப் இன்வெஸ்ட்மென்ட்ஸ் நிறுவனத்தோடு சேர்ந்து சென்னை அம்பத்தூரில் டி.ஐ. சைக்கிள்ஸைத் தொடங்கியது. காரைக்குடியிலிருந்து பள்ளத்தூருக்குச் சைக்கிளில் முக்கால் மணி நேரம்தான். பர்மா போய், பர்மிங்காம் போய், அம்பத்தூர் சுற்றி நம் ஊருக்கு சைக்கிள் வந்திருக்கிறது.

அந்த வண்டியின் எடை 20 கிலோவுக்கு மேல். நிமிர்ந்து உட்கார்ந்து ஓட்டுகிற மாதிரி ஹேண்டில்பார். ஒரே கியர். பல்லை எண்ணிப் பார்த்தேன்: முன்னால் 48, பின்னால் 18. ஒரு முழு மிதிக்குப் பின்சக்கரம் இரண்டே முக்காலுக்குக் கொஞ்சம் குறைவாகச் சுற்றும். 28 இஞ்ச் சக்கரத்தின் சுற்றளவு 2.2 மீட்டர். ஆக, ஒரு மிதிக்கு 5.9 மீட்டர். அவசரமில்லாமல் ஓட்டுகிறவர் நிமிடத்துக்கு 45 மிதி மிதிப்பார். மணிக்கு 16 கிலோமீட்டர் வந்துவிடும். 40 போக வேண்டுமென்றால் நிமிடத்துக்கு 113 மிதி, ஒரு மணி நேரம், இடைவிடாமல். தையல் மெஷினில்கூட யாரும் அப்படி மிதிப்பதில்லை.

அடுத்தது தடை. சைக்கிளைப் பிடித்து இழுப்பவை இரண்டு: டயர் தரையில் உருள்வதற்கான தடை, காற்று. டயர் தடை வேகத்தோடு பெரிதாக மாறாது. காற்றுதான் வில்லன். வேகம் இரண்டு மடங்கானால் காற்றைக் கிழிக்கத் தேவையான திறன் எட்டு மடங்காகிவிடும். 60 கிலோ ஆள், நிமிர்ந்த உட்கார்வு, நம் ஊர் ரோடு என்று வைத்து எக்செலில் போட்டுப் பார்த்தேன். மணிக்கு 15 கிலோமீட்டருக்கு ஏறக்குறைய 62 வாட் போதும். 20க்கு 109. 25க்கு 180. பெரியப்பாவின் 40க்கு 590. பயிற்சி இல்லாத, ஆனால் உழைக்கிற உடம்பு ஒரு மணி நேரத்துக்கு 100, 150 வாட் தரும். மூச்சு வாங்காமல், பேசிக்கொண்டே போக 60, 70 வாட்தான். உலகின் மிகச் சிறந்த வீரர்களே ஒரு மணி நேரத்துக்கு 400, 450 என்கிற அளவில்தான் நிற்கிறார்கள்.

15க்கும் 20க்கும் நடுவில் ஒரு சுவர் இருக்கிறது என்பதுதான் இந்த எண்கள் சொல்வது. ஐந்து கிலோமீட்டர் வேகம் கூட்ட முக்கால் மடங்கு அதிகம் உழைக்க வேண்டும். 20 கிலோமீட்டர் தூரத்தில் அதனால் மிச்சமாவது இருபது நிமிடம், கூடவே நனைந்த சட்டை. அலுவலகத்துக்கோ கல்யாணத்துக்கோ போகிற யாரும் அந்த வியாபாரத்துக்கு ஒத்துக்கொள்ள மாட்டார்கள். பழைய பாட்டில் டைனமோவே ஆறேழு வாட்டைச் சாப்பிட்டுவிடும். இருட்டில் டைனமோவைத் தட்டிவிட்டால் மிதி கனக்கும் என்று சொல்வது மனப்பிரமை இல்லை. பத்தில் ஒரு பங்கு உழைப்பு விளக்குக்குப் போகிறது. எதிர்காற்று 10 கிலோமீட்டர் வேகத்தில் அடித்தால், அதே 15க்கு 62 வாட் போய் 108 ஆகிவிடும். ஆடி மாதத்தில் தெற்கே பார்த்துச் சைக்கிள் ஓட்டியவர்களுக்கு எக்செல் தேவையில்லை.

உலகம் முழுக்க இதே கதைதான். கோபன்ஹேகனில் நோரபுரோகேட என்ற சாலையில் சைக்கிள்காரர்களுக்குத் தொடர்ந்து பச்சை விழுகிற மாதிரி சிக்னல்களை அமைத்திருக்கிறார்கள். எந்த வேகத்துக்கு? மணிக்கு 20. அந்த நகரத்தின் சராசரி சைக்கிள் வேகமோ 16தான். கியர் இருக்கிறது, தனிப்பாதை இருக்கிறது, குளிர்ந்த காற்று இருக்கிறது, ஆனாலும் 16. பிரெவே எனப்படும் நெடுந்தூர ஓட்டங்களில் 200 கிலோமீட்டரை 13½ மணி நேரத்தில் முடித்தால் போதும். சாப்பாடு, பஞ்சர், டீ எல்லாம் சேர்த்து மணிக்கு 15க்குச் சற்றுக் குறைவு.

கணக்கை மட்டும் நம்பக் கூடாது என்று போன ஆடியில் பெரியப்பாவின் ஹெர்குலிஸை எடுத்துக்கொண்டு கிளம்பினேன். பையில் போன், காலை ஆறரை மணி. கானாடுகாத்தான் தாண்டும்வரை சுகம். திருமயம் கோட்டைக்குக் கீழே இறங்கியபோது 1 மணி 18 நிமிடம், சராசரி 15.4. டீ குடித்துவிட்டுத் திரும்பினால் காற்று முகத்தில். 1 மணி 38 நிமிடம். மொத்தம் மூன்று மணி நேரத்துக்கு நாலு நிமிடம் குறைவு. ஒரு இடத்தில் பள்ளிக்கூடப் பையன் ஒருவன் பின்னால் தங்கச்சியை வைத்துக்கொண்டு என்னைத் தாண்டிப் போனான். திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

திரும்பும் வழியின் 12 புரிந்தது. போகும்போது வந்த 15தான் இடித்தது. காற்று முதுகில் தள்ளியிருக்கிறது. என் சூத்திரப்படி அதே உழைப்புக்கு 20ஐ ஒட்டி வந்திருக்க வேண்டும். என் உடம்பு நான் நினைத்ததைவிட மோசம் போலிருக்கிறது என்று விட்டுவிட்டேன்.

பெரியப்பாவிடம் போனைக் காட்டினேன். கண்ணாடியை ஏற்றிவிட்டுப் பார்த்தார்.

"அப்ப ரோட்டுல லாரி இல்ல தம்பி" என்றார்.

"சரி பெரியப்பா, ஒரு மணி நேரம்னு எப்படித் தெரியும்? வாட்ச் கட்டியிருந்தீங்களா?"

"வாட்சா? யாருகிட்ட இருந்துச்சு வாட்ச்! கடையில கடிகாரம் இருந்துச்சு. அவரு நோட்டுல எழுதுவாரு."

அந்த நோட்டுதான் நம் ஊரின் ஒரே சைக்கிள் ஆவணம். பெயர், தெரு, எடுத்த நேரம், விட்ட நேரம். கால் மணி அரை மணியாக ஓடும், தெரிந்த பையனுக்கு ஒரு மணியோடு நிற்கும். அந்த நோட்டுகளில் ஒன்று கிடைத்தால்கூட இந்தக் கட்டுரையில் பாதியைத் தூக்கிப்போட்டுவிடலாம். எல்லாம் பழைய பேப்பர் கடைக்குப் போயிருக்கும்.

அந்த நோட்டில் அனேகமாகப் பெண்கள் பெயரே இருந்திருக்காது. காரைக்குடிக்கு வடக்கே, செட்டிநாட்டின் இன்னொரு பாதி கிடக்கிற புதுக்கோட்டை மாவட்டத்தில் அதற்கு ஒரு கணக்கு தொண்ணூறுகளின் தொடக்கத்தில் தீர்க்கப்பட்டது. 1991இல் அங்கே அறிவொளி இயக்கம் தொடங்கியது. கலெக்டர் ஷீலா ராணி சுங்கத். எழுத்தறிவு இயக்கத்தில் சைக்கிள் ஓட்டக் கற்பதையும் சேர்த்தார்கள். காரணம் எளிமையானது: பாடம் சொல்லித்தரும் பெண் தொண்டர்கள் ஊர் விட்டு ஊர் போக வேண்டும், பஸ்ஸை நம்பினால் ராத்திரி வகுப்பு நடக்காது. சைக்கிள் வாங்கப் பெண்களுக்கு வங்கிக் கடன் ஏற்பாடு செய்யப்பட்டது. 1992இல் சர்வதேச மகளிர் தினத்தை ஒட்டி 1,500க்கும் மேற்பட்ட பெண்கள் ஹேண்டிலில் கொடி கட்டிக்கொண்டு புதுக்கோட்டை நகரத்துக்குள் மணியடித்துப் போனதை பி. சாய்நாத் எழுதியிருக்கிறார். மொத்தத்தில் ஒரு லட்சத்துக்கும் மேல் கிராமத்துப் பெண்கள் ஓட்டக் கற்றார்கள் என்பதும் அவர் தரும் கணக்கு. விவசாயக் கூலிகள், கல்குவாரித் தொழிலாளர்கள், நர்ஸுகள், பால்வாடி ஊழியர்கள். லேடீஸ் சைக்கிள் தட்டுப்பாட்டில் பலரும் ஜென்ட்ஸ் சைக்கிள் வாங்கினார்கள். அதில் இன்னொரு வசதி, முன்பாரில் குழந்தையை உட்கார வைக்கலாம்.

என் அத்தை அப்படிக் கற்றவர். திருமயத்திலிருந்து 6 கிலோமீட்டர் உள்ளே ஒரு கிராமத்தில் கட்டிக்கொடுத்திருந்தார்கள். 92இல் கைக்குழந்தை. பக்கத்து வீட்டுப் பெண் பின்னால் கேரியரைப் பிடித்துக்கொண்டு ஓடி வர, கண்மாய்க் கரையில் கற்றுக்கொண்டார். நான் திருமயம் போய் வந்த மறுநாள் அத்தை காரைக்குடி வந்திருந்தார். அவரிடமும் கேட்டேன்: எவ்வளவு வேகத்தில் போவீங்க?

"வேகமெல்லாம் யாருக்குடா தெரியும். திருமயத்துல தையல் வகுப்பு. புள்ளைக்குப் பால் குடுத்துட்டுக் கிளம்புவேன், அடுத்த பாலுக்கு முன்னாடி வீட்டுக்கு வந்துருவேன். அவ்வளவுதான்."

பிள்ளைக்கு இரண்டரை மணி நேரம் தாங்கும் என்று வைத்துக்கொள்வோம். நடந்து போனால், மணிக்கு நாலரை கிலோமீட்டர் என்றாலும் போக ஒரு மணி இருபது நிமிடம், வர அதே. வகுப்பறை வாசலைத் தொட்டுவிட்டு உடனே திரும்பினாலும் நேரம் போதாது. சைக்கிளில் மணிக்கு 14 போனால் போக 26 நிமிடம், வர 26 நிமிடம். நடுவில் ஒன்றரை மணி நேரம் மிச்சம். அந்த ஒன்றரை மணி நேரத்தில்தான் அத்தை ரவிக்கை வெட்டக் கற்றார். பின்னால் இருபது வருடம் அந்த வீடு அதில் ஓடியது.

மணிக்கு 20 போகிற கியர் சைக்கிள் கொடுத்திருந்தால் அவருக்கு இன்னும் ஒரு பதினாறு நிமிடம் கிடைத்திருக்கும். நாலரையிலிருந்து 14க்கு வந்ததுதான் முழு விஷயமும். 2006இல் பிகார் அரசு ஒன்பதாம் வகுப்பு மாணவிகளுக்குச் சைக்கிள் கொடுத்ததை முரளிதரனும் பிரகாஷும் ஆராய்ந்தார்கள். உயர்நிலைப் பள்ளியில் சேரும் பெண் பிள்ளைகள் சுமார் 30 சதவீதம் கூடினார்கள். பள்ளி மூன்று கிலோமீட்டருக்கு மேல் தள்ளியிருந்த ஊர்களில்தான் அதிக பலன். தமிழ்நாட்டில் அதற்கு முன்பே, 2001இல், பிளஸ் ஒன், பிளஸ் டூ படிக்கும் தலித், பழங்குடி மாணவிகளுக்குக் கொடுக்கத் தொடங்கிவிட்டார்கள். பிறகு எல்லோருக்கும். என்னைத் தாண்டிப்போன பையன் ஓட்டியதும் அந்தச் சைக்கிள்தான்.

"சின்ன வயசுலயே காரைக்குடியில கத்துக்கிட்டிருக்கலாமே அத்தை? பெரியப்பாவே நல்லா ஓட்டுவாராமே" என்று கேட்டேன்.

"உங்க பெரியப்பாதான? பொம்பளப் புள்ளைக்கு எதுக்கு சைக்கிள்னு கேரியர்லகூட ஏத்த மாட்டாரு. கொப்புடையம்மன் கோயிலுக்கு அவரு சைக்கிள்ல போவாரு, நானும் ஆத்தாவும் பின்னாடி நடந்து போவோம்."

பெரியப்பா திண்ணையில்தான் இருந்தார். பேப்பரைத் திருப்பினார்.

அத்தை எழுந்து வாசலில் நின்ற ஹெர்குலிஸ் பக்கம் போனார். ஹேண்டிலை ஒரு முறை ஆட்டிப் பார்த்தார். பிறகு குனிந்து பின் டயரைக் கட்டைவிரலால் அழுத்தினார். விரல் உள்ளே போனது.

"இதுல பாதிக் காத்துகூட இல்லயேடா. இதை வச்சா திருமயம் வரைக்கும் மிதிச்ச?"

உள்ளே போய் பம்பைத் தேடி எடுத்து வந்தார்.