கல்யாணமும் கிளிப்பும்

1979-ல் வந்த 'கல்யாணராமன்' படம் ஞாபகம் இருக்கிறதா? கமல்ஹாசனுக்கு இரட்டை வேஷம். ராமனுக்கு ஒழுங்கான பல்வரிசை. கல்யாணத்துக்கோ உதட்டைத் தாண்டி நிற்கிற எத்துப்பல். அந்தப் பல்லைப் பார்த்த மாத்திரத்தில் தியேட்டரில் எல்லோருக்கும் புரிந்துவிட்டது, 'இவன் வெள்ளந்தி, இவனை ஏமாற்றப் போகிறார்கள்' என்று. ஏமாற்றினார்கள். கொலையே செய்தார்கள். பாவம், ஆவியாகத்தான் திரும்பி வந்தார் கல்யாணம்!

1985-ல் அவரை ஜப்பானுக்கும் அழைத்துக்கொண்டு போனார்கள். அதில் ஒரு வேடிக்கை. ஜப்பானில் துருத்திக்கொண்டிருக்கும் கோரைப்பல்லுக்கு 'யாயெபா' என்று பெயர், அது அழகு! 2011 வாக்கில் டோக்கியோ இளம்பெண்கள் டாக்டரிடம் காசு கொடுத்து அந்தப் பல்லை ஒட்ட வைத்துக்கொண்டார்கள். நம்மூரிலும் தெத்துப்பல்லுக்கு ரசிகர்கள் உண்டு. சங்கப் புலவர்கள் பெண்ணின் கூரான பல்லை 'முள் எயிறு' என்று கொண்டாடியிருக்கிறார்கள். எத்துப்பல்லுக்குத்தான் அந்த மரியாதை கிடைக்கவில்லை.

தெள்ளாரில் ஏறி, வந்தவாசி வழியாக ஆரணி போகிற பஸ்ஸில் காலை வேளையில் உட்கார்ந்து பாருங்கள். (சரித்திரம் படித்தவர்களுக்குத் தெள்ளாறு என்றால் 9-ம் நூற்றாண்டில் மூன்றாம் நந்திவர்மப் பல்லவன் பாண்டியனை முறியடித்த போர்க்களம். இன்றைக்கு அந்த வட்டாரத்தின் பெயர் சொல்வது ஆரணிப் பட்டு.) யூனிஃபார்மில் சிரித்துப் பேசிக்கொண்டு வருகிற பெண்களில் ஒன்றிரண்டு பேர் வாயில் கம்பி மின்னும். மக்கள் பாஷையில் 'கிளிப்'. "காலேஜ் முடிக்கறதுக்குள்ள கிளிப் போட்டு எடுத்துடணும்ங்க. பொண்ணு பாக்க வர்றவங்க ஒரு வார்த்தை சொல்லிடக் கூடாது பாருங்க..." என்பார்கள் வீட்டில். ஜாதகத்துக்கு அடுத்தபடியாகப் பல்வரிசைப் பொருத்தம்!

தறிக்காரர் வீட்டுக்குப் பழக்கமான மூன்று சாமான்கள் பட்டு, வெள்ளி, தங்கம். பட்டு இழையில் வெள்ளியைச் சுற்றித் தங்கமுலாம் பூசினால் அசல் ஜரிகை. பல்லை நேராக்கும் வித்தையும் ஆரம்ப காலத்தில் இந்த மூன்றையும் நம்பித்தான் ஓடியது.

முதல் யோசனைக்குச் சாமானே தேவைப்படவில்லை. பால்பல் விழாமல் பக்கத்திலேயே புதுப்பல் முளைத்தால், பால்பல்லைப் பிடுங்கிவிட்டு, புதுப்பல்லைத் தினமும் விரலால் தள்ளிவிடச் சொன்னார் 1-ம் நூற்றாண்டு ரோமானியரான செல்சஸ். பாட்டி வைத்தியம் மாதிரி இருந்தாலும் இதில் விஷயம் இருக்கிறது. பல் என்பது சுவரில் அடித்த ஆணி இல்லை. வேரைச் சுற்றி மெல்லிய சவ்வு இருக்கிறது. விடாமல் லேசாக அழுத்தினால், பல் நகர்கிற பக்கத்தில் எலும்பு கரையும். விட்டுவந்த பக்கத்தில் புது எலும்பு வளரும். மாதத்துக்கு ஏறக்குறைய ஒரு மில்லிமீட்டர். அவசரப்பட்டால் வேருக்கே ஆபத்து.

1728-ல் பிரான்ஸின் பியர் ஃபோஷார், பல்வரிசைக்குத் தகுந்தபடி வளைத்த தங்க அல்லது வெள்ளிப் பட்டையில் துளை போட்டு, கோணல் பற்களை நூலால் அதோடு இழுத்துக் கட்டும் முறையை எழுதி வைத்தார். பட்டு நூலும் பின்னால் இந்த வேலைக்கு வந்தது. ஆனாலும் அது ராஜ வைத்தியமாகவே இருந்தது. ஒவ்வொரு வாய்க்கும் ஒவ்வொரு பட்டையாகத் தட்டி எடுக்க வேண்டுமே!

அதை மாற்றியவர் அமெரிக்கரான எட்வர்ட் ஆங்கிள். 1899-ல் கோணல் பற்களை மூன்று வகுப்பாகப் பிரித்தார். இன்றைக்கும் டாக்டர்கள் கேஸ் ஷீட்டில் எழுதுவது அந்தக் கணக்குதான். கல்யாணத்தின் பல் அநேகமாக இரண்டாம் வகுப்பில் சேரும். 1900-ல் இதற்கென்றே தனிப் பள்ளி ஆரம்பித்தார். பி.காம். படித்தவன் கண்ணுக்கு வேறொன்றும் தெரிகிறது: கம்பி, பட்டை, திருகு எல்லாவற்றையும் ரெடிமேட் பாகங்களாக்கி, பேட்டன்ட் வாங்கி, விற்பனைக்கே விட்டுவிட்டார் மனிதர்.

அழகான முகத்துக்கு ஆங்கிள் காட்டிய உதாரணம், அப்பல்லோவின் பழைய சலவைக்கல் சிலை. வூர்பெல் என்ற ஓவிய ஆசிரியரிடம் அழகுக்கு ஒரு சூத்திரம் கேட்டபோது, எல்லா முகத்துக்கும் பொருந்துகிற சூத்திரம் எதுவும் கிடையாது என்று அவர் கையை விரித்துவிட்டார். ஆங்கிள் ஒரு விஷயத்தில் மட்டும் பிடிவாதமாக இருந்தார்: ஒரு பல்லையும் பிடுங்கக் கூடாது, அத்தனையையும் வரிசையில் உட்கார வைக்க வேண்டும். 1911-ல் கால்வின் கேஸ் என்ற டாக்டர், 'சில வாய்களில் பிடுங்கித்தான் ஆக வேண்டும்' என்று சொல்லப்போக, ஆங்கிள் கோஷ்டி அவரைப் பிய்த்து எடுத்துவிட்டது.

கேஸ் சொன்னதை நிரூபித்தவர்கள் ஆங்கிளின் சீடர்கள்! சார்லஸ் ட்வீட், பல்லைப் பிடுங்காமல் வைத்தியம் செய்து மறுபடி கோணலாகிப் போன 100 பேரைத் திரும்ப அழைத்து, பல் எடுத்து, இலவசமாகவே சரி செய்தார். ஆஸ்திரேலியாவில் ரேமண்ட் பெக் என்ற சீடரும் அதே முடிவுக்கு வந்தார். இந்திய பல் மருத்துவக் கல்லூரிகளில் பல காலம் கொடி கட்டிப் பறந்தது இந்த பெக்கின் முறைதான்.

அதனால்தான் இன்றைக்கும், "மேலே ரெண்டு, கீழே ரெண்டு பல்லை எடுக்கணும்" என்று டாக்டர் சொல்கிறார். "நல்ல பல்லை எதுக்கு சார் பிடுங்கணும்?" என்று தகப்பனார் கேட்கிறார். 1911-ல் நடந்த அதே சண்டை!

தகப்பனாரின் கேள்வியில் நியாயம் இருக்கிறது. பல்லும் தாடையும் எங்கே நிற்க வேண்டும் என்ற அளவுகள் முதலில் வெள்ளைக்கார முகங்களிலிருந்து எடுக்கப்பட்டவை. பின்னால் நம்மவர்கள் இந்திய முகங்களை அளந்தபோது, நமக்குப் பல்லும் உதடும் இயல்பிலேயே கொஞ்சம் முன்னால் நிற்பது தெரிந்தது. நாம் எத்துப்பல் என்று கேலி செய்ததில் எத்தனை பல் நிஜமாகவே எத்து? அதே சமயம், ரொம்பவும் துருத்தின முன்பல் கீழே விழுந்தால் சுலபத்தில் உடையும். நெருக்கியடித்த பல்லைச் சரியாகத் தேய்க்க முடியாது. அந்தப் பிள்ளைகளுக்குக் கிளிப் தேவைதான். மாப்பிள்ளை வீட்டாருக்காகப் போடுகிற கிளிப்பைப் பற்றித்தான் எனக்குச் சந்தேகம்.

சினிமாவும் டி.வி.யும் இந்தச் சந்தேகத்தைத் தீர்க்க உதவவில்லை. 2003-ல் சோனி டி.வி.யில் வந்த 'ஜஸ்ஸி'க்குக் கண்ணாடி, வாயில் கம்பி. கொலம்பியாவின் 'பெட்டி' தொடரிலிருந்து எடுத்த கதை. கல்யாணத்துக்குப் பல் என்றால் ஜஸ்ஸிக்குக் கம்பி. அசடுக்கு அதுவே அடையாளம். கம்பி போனால்தான் அழகி! தாய்லாந்தில் கதை தலைகீழ். அங்கே கம்பி வசதியின் அடையாளமாகி, கோணலே இல்லாத பிள்ளைகள் போலிக் கம்பி மாட்டிக்கொண்டு திரிய, அரசாங்கம் தடை போட வேண்டியதாயிற்று.

சென்னையில் அரசு பல் மருத்துவக் கல்லூரி தொடங்கியது 1953-ல். கோட்டை ரயில் நிலையத்துக்குப் பக்கத்தில் இருக்கிறது. நீண்ட காலம் தமிழ்நாட்டிலேயே அரசுக்கென்று இருந்த பல் மருத்துவக் கல்லூரி அது ஒன்றுதான். இப்போது சின்ன ஊர்களிலும் தனியார் கிளினிக் போர்டுகள் தொங்குகின்றன. தங்கம் போய் ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் வந்து, அமெரிக்கக் கடற்படை ஆய்வுக்கூடத்தில் பிறந்த நிக்கல்-டைட்டானியம் கம்பியும் வந்தாயிற்று. 1997-ல் ஸ்டான்ஃபோர்டில் எம்.பி.ஏ. படித்த இரண்டு பேர் ஆரம்பித்த கம்பெனியின் தயவில், கண்ணுக்கே தெரியாத பிளாஸ்டிக் உறையும் உண்டு. அதன் விலை தறிக்காரருக்கு எட்டாது.

மற்றவர்களுக்குக் கம்பிதான். ஒன்றரை, இரண்டு வருஷம் மாதாமாதம் போய் முறுக்கிக்கொண்டு வர வேண்டும். டாக்டர் ஃபீஸைத் தவணையில் கட்டிவிடலாம். மகளை அழைத்துக்கொண்டு போகிற ஒவ்வொரு நாளும் தறி நிற்குமே, அந்தக் கூலி எந்த பில்லிலும் வராது. எல்லாம் முடிந்து கம்பியைக் கழற்றிய பிறகும், பல்லைப் பிடித்து வைக்க ராத்திரியில் ஒரு தகடு மாட்டிக்கொண்டு தூங்க வேண்டும். கல்யாணச் சந்தடியில் அதை மட்டும் மறந்துவிடுகிறார்கள். பல் மறப்பதில்லை, கொஞ்சம் கொஞ்சமாகப் பழைய இடத்தைப் பார்க்கக் கிளம்பிவிடுகிறது.