ஒரு பதவி, இரு வாழ்க்கை: திருவிதாங்கூர் ரெசிடெண்டுகள் மன்றோவும் கல்லனும்

முன்னுரை

திருவிதாங்கூர் அரசவையில் ஆங்கிலக் கிழக்கிந்தியக் கம்பெனியின் சார்பாளராக விளங்கியவர் ரெசிடெண்ட் எனப்பட்டார். அப்பதவியைக் கர்னல் ஜான் மன்றோ 1810 முதல் 1819 வரையிலும், ஜெனரல் வில்லியம் கல்லன் 1840 முதல் 1860 வரையிலும் வகித்தனர். கிறித்தவ மறைப்பணியாளர்களின் எழுத்துகளில் முன்னவர் எளியோரின் துணைவராகவும், பின்னவர் மேல்சாதியினர்பால் சாய்ந்தவராகவும் காட்சி தருகின்றனர். இம்மதிப்பீட்டில் உண்மை இல்லாமலில்லை. ஆயினும் ஆட்சியாளரின் மனப்பாங்கை மட்டும் அளவுகோலாகக் கொள்ளும்போது, அவர் அமர்ந்திருந்த பதவியின் இயல்பு மறைந்துவிடுகிறது. இவ்விருவர் செயல்களுள் எவை நிலைத்தன, எவை அவர்களோடு மறைந்தன என்பதை ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

பதவியின் இயல்பு

1795ஆம் ஆண்டு உடன்படிக்கையால் கம்பெனியின் பாதுகாப்பை ஏற்ற திருவிதாங்கூர், 1805ஆம் ஆண்டு உடன்படிக்கையால் ஆண்டுதோறும் எட்டு இலட்சம் ரூபாய் செலுத்தவும், ஆட்சி நடத்துவதில் கம்பெனியின் அறிவுரையைக் கேட்கவும் கடமைப்பட்டது. தென் திருவிதாங்கூரில் தலக்குளத்தில் பிறந்த வேலுத்தம்பி தளவாய், முதல் ரெசிடெண்டான காலின் மெக்காலேயோடு முரண்பட்டதற்குக் கப்பநிலுவை முதன்மையான காரணமாயிற்று. 1809 சனவரியில் வெளியான குண்டறை விளம்பரமும், அதே ஆண்டில் மண்ணடியில் நேர்ந்த தளவாயின் மரணமும் அம்முரண்பாட்டின் விளைவுகளாகும்.

அறிவுரை என்னும் சொல்லே இப்பதவியின் தனித்தன்மை. ரெசிடெண்ட் ஆணையிடுவதில்லை, ஆனால் அவர் அறிவுரையை மறுக்க மன்னரால் இயலாது. விளைவு தீதாயின் பழி அரசுக்கும் திவானுக்கும் உரியது. சென்னை அரசுக்கு மட்டுமே விடை கூறக் கடமைப்பட்டவர் ரெசிடெண்ட். ஆளப்பட்ட மக்களுக்கு அவர் விடை கூற வேண்டியதில்லை.

மன்றோ: இரு பதவிகளில் ஒருவர்

1778இல் பிறந்த ஜான் மன்றோ, ஸ்காட்லாந்தின் டீனினிச் குடும்பத்தைச் சேர்ந்தவர். சென்னைப் படையில் குவாட்டர்மாஸ்டர் ஜெனரலாகப் பணியாற்றியபோது, படைத்தலைவர்களுக்குக் கூடாரச் செலவுக்கென வழங்கப்பட்டுவந்த படியை நிறுத்துமாறு அறிக்கை அளித்தார். அதனால் எழுந்த பகை, 1809ஆம் ஆண்டு சென்னைப்படை ஆங்கில அதிகாரிகளின் கலகத்திற்குரிய காரணங்களுள் ஒன்றாயிற்று. செலவைக் குறைத்து வரவைப் பெருக்கும் கணக்கர் மனம் அவருடையது என்பதற்கு இந்நிகழ்ச்சி சான்றாகும்.

1810இல் ஆட்சிக்கு வந்த இராணி கௌரி இலட்சுமிபாய் அப்போது இருபது வயதை எட்டாதவர். 1811இல் திவான் உம்மிணித்தம்பி நீக்கப்பட்டபின், இராணியின் விருப்பப்படி மன்றோவே திவானானார். கண்காணிப்பவரும் கண்காணிக்கப்படுபவரும் ஒருவராகவே அமைந்த இந்நிலை 1814 வரை நீடித்தது. கொச்சியிலும் அவர் 1812 முதல் 1818 வரை திவானாக விளங்கினார்.

இக்குறுகிய காலத்தில் அவர் செய்த மாற்றங்கள் பல. வட்டங்களை ஆண்ட காரியக்காரர்களிடமிருந்து நீதி வழங்கும் அதிகாரம் பிரிக்கப்பட்டது. பத்மநாபபுரம், திருவனந்தபுரம், மாவேலிக்கரை, வைக்கம், ஆலுவா ஆகிய இடங்களில் ஜில்லா நீதிமன்றங்கள் அமைந்தன. 1814இல் மேல்முறையீட்டு மன்றம் தோன்றியது. 1812இல் அடிமைகளை விற்பதையும் வாங்குவதையும் தடுக்கும் அரச விளம்பரம் வெளியாயிற்று.

கோயில் நிலங்கள்

மன்றோவின் செயல்களுள் நெடும்பயன் விளைத்தது கோயில் நிலங்களை அரசு ஏற்றதாகும். முந்நூறுக்கும் மேற்பட்ட பெரிய கோயில்களும் ஆயிரத்துக்கும் மேற்பட்ட சிறு கோயில்களும் அவற்றின் நிலங்களோடு அரசின் பொறுப்பில் வந்தன. ஊராளர்களின் சீர்கேட்டைத் தடுப்பது காரணமாகச் சொல்லப்பட்டது. எனினும் நிலவருவாய் கருவூலத்தில் சேர்ந்ததையும், கப்பநிலுவை அக்காலத்தில் நெருக்கிக்கொண்டிருந்ததையும் இணைத்தே நோக்குதல் வேண்டும். கோயிலின் வரவு அரசின் வரவாயிற்று. பூசைச் செலவு அரசின் கடனாயிற்று.

இக்கடன் மன்றோவோடு முடியவில்லை. 1922இல் தேவஸ்வத்துக்கெனத் தனித்துறை ஏற்பட்டது. 1956 நவம்பர் 1இல் தோவாளை, அகத்தீசுவரம், கல்குளம், விளவங்கோடு ஆகிய நான்கு வட்டங்கள் சென்னை மாநிலத்தோடு இணைந்தபோது அக்கடனும் பங்கிடப்பட்டது. இந்திய அரசமைப்பின் 290-அ பிரிவு, ஆண்டுதோறும் கேரள அரசு 46 இலட்சத்து 50 ஆயிரம் ரூபாயைத் திருவிதாங்கூர் தேவஸ்வ நிதிக்கும், தமிழக அரசு 13 இலட்சத்து 50 ஆயிரம் ரூபாயைத் தன் பகுதிக்கு மாறிய கோயில்களின் தேவஸ்வ நிதிக்கும் வழங்க வேண்டும் என விதிக்கிறது. நாஞ்சில் நாட்டுக் கோயில்களின் பூசைக்கும் மன்றோவின் கணக்கேட்டுக்கும் உள்ள தொடர்பு இவ்வாறு இன்றும் அறுபடாமல் உள்ளது.

தென் வட்டங்களில் அளித்த சலுகைகள்

தமிழ் பேசும் தென் வட்டங்களில் மன்றோவின் பெயர் நிலைக்க வேறு காரணங்கள் உள்ளன. இலண்டன் மிஷன் சங்கத்தார்க்கு அவர் பேராதரவு அளித்தார். நாகர்கோயில் பள்ளிக்கென இராணி கௌரி பார்வதிபாயிடமிருந்து 5000 ரூபாய் கொடை கிடைக்கச் செய்தார். 1818இல் மீட் பாதிரியார் நாகர்கோயில் நீதிபதியாக அமர்த்தப்பட்டார். மறைப்பணியாளர் அரசுப்பணி ஏற்பதைச் சங்கம் விரும்பாமையால் அவர் விரைவில் விலக நேர்ந்தது. கிறித்தவரான நாடார் பெண்கள் மார்பை மறைத்து ஆடை உடுத்தவும் மன்றோ திவானாக இருந்தபோது ஆணை பிறப்பித்தார்.

இவ்வாணை மதம் மாறியோர்க்கு மட்டுமே உரியது. மாறாத நாடார் பெண்களுக்கு அதனால் பயனில்லை. மாறியோர்க்கும் குப்பாயமே ஒப்புக்கொள்ளப்பட்டது. உயர்சாதிப் பெண்களைப் போல் தோளில் மேலாடை இடும் உரிமை கிடைக்கவில்லை. மன்றோ ஊர் திரும்பிப் பத்தாண்டுகள் கழிந்தபின், 1829 பிப்ரவரி 3ஆம் நாள் அரச விளம்பரம் மேலாடையை வெளிப்படையாகவே தடைசெய்தது. ஆளின் ஆதரவால் வந்த சலுகை, ஆள் நீங்கியபின் காப்பாரற்று நின்றது.

கல்லன்: இருபது ஆண்டுகள்

1785இல் பிறந்த வில்லியம் கல்லன் சென்னைப் பீரங்கிப் படையைச் சேர்ந்தவர். காற்றழுத்தமானியால் மலைகளின் உயரத்தை அளப்பதிலும், பாறைகளையும் தாவரங்களையும் ஆராய்வதிலும் ஈடுபாடு மிக்கவர். மேற்குமலைக் காடுகளில் சோலைமந்திகள் விரும்பி உண்ணும் கனியைத் தரும் மரவகைக்குத் தாவரவியலார் இராபர்ட் வைட், கல்லன் பெயரால் குல்லேனியா எனப் பெயரிட்டார். 1857இல் திருவனந்தபுரத்தில் திறக்கப்பட்ட அருங்காட்சியகத்தின் தோற்றத்தில், வானிலைக்கூட இயக்குநர் ஜான் ஆலன் பிரௌனோடு கல்லனுக்கும் பெரும்பங்குண்டு. பின்னாளில் சிசோம் வடிவமைத்து 1880இல் நிறைவுற்ற நேப்பியர் அருங்காட்சியகக் கட்டடம் அம்முயற்சியின் தொடர்ச்சியே.

ஆட்சித்துறையில் அவர் பெற்ற பெயர் வேறு. சுவாதித் திருநாள் மன்னருக்கும் அவருக்கும் ஒத்துப்போகவில்லை. தமக்கு வேண்டியவரான கிருஷ்ணராவை அவர் உயர்த்த, மன்னர் ஆட்சியில் மனம் தளர்ந்தார் என வரலாற்றாசிரியர்கள் எழுதியுள்ளனர். கிருஷ்ணராவ் திவானாக இருந்த காலத்தில் முறையீடுகள் பெருகின. 1855இல் கம்பெனி அரசு திருவிதாங்கூரை எச்சரிக்கும் நிலை வந்தது. எச்சரிக்கை மன்னருக்கே வந்தது. திவானைத் தாங்கி நின்ற ரெசிடெண்ட் பதவியில் தொடர்ந்தார்.

1858 இறுதியில் தென் வட்டங்களில் தோள்சீலைக் கலவரம் மீண்டும் வெடித்தது. சிற்றாலயங்களும் பள்ளிகளும் எரிக்கப்பட்டன. சென்னை ஆளுநர் சார்லஸ் டிரெவெலியன் கடுமையாக வற்புறுத்தியபின், திவான் மாதவராவ் காலத்தில் 1859 சூலை 26ஆம் நாள் விளம்பரம் வெளியாயிற்று. மதம் மாறாத நாடார் பெண்களும் அதனால் ஆடை உரிமை பெற்றனர். எனினும் உயர்சாதிப் பெண்களைப் போல் உடுத்தத் தடை நீடித்தது. மறுபுறம், அடிமைகளை முழுமையாக விடுவித்த 1855 சூன் 24ஆம் நாள் விளம்பரமும் கல்லன் காலத்ததே. அதை அவருடைய பரிவாகக் கொண்டாடுவோர் இலர். சென்னை அரசின் அழுத்தமும் மறைப்பணியாளர்களின் விண்ணப்பங்களும் அதன் பின்னணியாகும். 1860இல் ஓய்வுபெற்ற கல்லன் தாய்நாடு திரும்பவில்லை. 1862இல் ஆலப்புழையில் மறைந்தார்.

முடிவுரை

இருவர் செயல்களையும் ஒருசேர நோக்கின், நீதிமன்றம், தேவஸ்வம், அருங்காட்சியகம் என நிறுவன வடிவம் பெற்றவை அவர்களுக்குப் பின்னும் நிலைத்தமை புலனாகிறது. அவற்றைக் காக்க நிலமும் பதிவேடும் ஊதியம் பெறும் அலுவலரும் இருந்தனர். ஆணையாக மட்டும் வந்த சலுகைகளுக்கு அத்தகைய காப்பு இல்லை. நிறுவனங்களின் பயன் முதலில் அரசைச் சென்றடைந்தது. எளியோர் பெற்றவை சலுகைகளே.

1829க்கும் 1859க்கும் இடைப்பட்ட முப்பது ஆண்டுகளில், நல்லவர் எனப்பட்டவர் விட்டுச்சென்ற குறையையும் தீயவர் எனப்பட்டவரின் பாராமுகத்தையும் தென் வட்டங்களின் நாடார் பெண்கள் ஒருங்கே தாங்கினர். தடையை மீறி மேலாடை உடுத்தி அடிபட்டவர்கள் அவர்களே. 1859ஆம் ஆண்டு விளம்பரத்துக்கு வழிவகுத்தவர்களுள் ஆளுநரும் திவானும் பெயர் பெற்றுள்ளனர். ரெசிடெண்டுகளின் வாழ்க்கையை எழுதுவோர், பதிவேட்டில் பெயர் ஏறாத அப்பெண்களின் மீறலையும் ஆட்சி வரலாற்றின் பகுதியாகக் கொள்ளுதல் வேண்டும்.