மலையுச்சிப் பாட்டு

சேலத்திலிருந்து ஏற்காடு போகும் சாலையில், அடிவாரத்தில் ஒரு நுழைவாயில் நிற்கிறது. டி. ஆர். சுந்தரத்தின் மாடர்ன் தியேட்டர்ஸ் ஸ்டூடியோவுக்கு அடையாளமாக எஞ்சியது அது. அதைத் தாண்டி பஸ் சேர்வராயன் மலையில் ஏறத் தொடங்கினால், 1950-ல் அங்கே உருவான ‘மந்திரி குமாரி’யின் மலைப்பாட்டு எனக்கு நினைவுக்கு வந்துவிடும்.

ஜி. ராமநாதன் இசையில் திருச்சி லோகநாதனும் ஜிக்கியும் பாடியது. கணவன் ஆசையோடு அழைக்கிறான். மனைவி மயங்கிப் பின்தொடர்கிறாள். அவன் அழைப்பதோ, உச்சியிலிருந்து அவளைத் தள்ளிவிட! அது தெரிந்து கேட்டால் அந்த இனிமையே நடுக்கம் தருகிறது.

யார் இந்தப் பெண்? மு. கருணாநிதி அமுதவல்லி என்று பெயரிட்டுப் படத்தில் உலவவிட்ட அவள், ஐம்பெருங்காப்பியங்களில் ஒன்றான குண்டலகேசியின் தலைவிதான். சாகுமுன் கணவனை மூன்று முறை வலம்வர வேண்டும் என்று கேட்டு, பின்புறம் வந்ததும் அவனையே தள்ளிவிட்டவள். காவியத்தில் கிடைத்தவை 19 பாடல்களே. கதையைக் காத்துக் கொடுத்தது நீலகேசியின் உரை.

ஆனால் பாட்டு முடிந்த பிறகுதானே அவள் தள்ளுகிறாள்? நாம் பாட்டை மட்டும் முணுமுணுக்கிறோம். கொல்ல அழைத்தவனின் குரல் நிலைத்துவிட்டது; பிழைத்தவளின் பெயர் மறந்துவிட்டது. அடுத்த தடவை கேட்கும்போது அவளையும் சற்று நினைத்துக்கொள்ளுங்கள்.