மொசைக் தங்கம்

வெள்ளீய டைசல்பைடு என்னும் பொன்னிற நிறமி. பெயரில்தான் தங்கம், சரக்கில் பொன் துளியும் கிடையாது. வெள்ளீயம், பாதரசம், கந்தகம், நவச்சாரம் நான்கையும் குடுவையிலிட்டுச் சூடேற்றினால் பாதரசம் பிரிந்து போய், மினுமினுக்கும் மஞ்சள் செதில்கள் அடியில் மிஞ்சும். அவற்றைப் பிசினில் குழைத்து, இடைக்கால ஐரோப்பிய ஓவியர்கள் கையெழுத்துச் சுவடிகளில் பூசினர். 1400ஆம் ஆண்டையொட்டி எழுதிய இத்தாலிய ஓவியர் சென்னினோ சென்னினி இதன் செய்முறையைத் தருகிறார். கூடவே, தங்க ரேக்கு ஒட்டிய பரப்பின் அருகில் இதைக் கொண்டுபோக வேண்டாம் என்றும் எச்சரிக்கிறார். வீண் பயமல்ல அது: எஞ்சிய பாதரசம் சிறிது பட்டாலும் தங்கத்தோடு கலந்து அதைக் கெடுத்துவிடும். பளபளப்பில் இது அசலுக்கு ஈடாகாது. ஆனால் பித்தளைத் தூளைப்போல் பச்சை பூக்காது. 19ஆம் நூற்றாண்டில் மலிவான வெண்கலத் தூள்கள் இதை ஓரங்கட்டின.