பசிலியாஸ்

பசிலியாஸ் என்பது கி.பி. 4ஆம் நூற்றாண்டில், உரோமைப் பேரரசின் கப்பதோக்கியா மாநிலத் தலைநகரான செசரியாவுக்கு வெளியே ஆயர் பெரிய பசிலியார் எழுப்பிய அறநிலையம். அந்நகரம் இன்று துருக்கியில் கைசேரி எனப்படுகிறது. ஏழைகள், வழிப்போக்கர்கள், நோயாளிகள், தொழுநோயாளிகள் எனப் பலருக்கும் இங்கே இடமிருந்தது. இறைவனிடம் இரக்கம் பெற்றவர் பிறருக்கு ஆசீர்வாதமாக இருக்க வேண்டும் என்ற கிறிஸ்தவ நம்பிக்கை, உலையும் படுக்கையும் மருத்துவருமாக உருப்பெற்ற இடம் இது.

இதன் வேர் 369ஐ ஒட்டி வந்த பஞ்சத்தில் இருக்கிறது. பனியும் மழையும் இல்லாமலே குளிர்காலம் கழிந்தது, நிலம் வெடித்தது. கடலோர நகரமாக இருந்திருந்தால் கப்பலில் தானியம் வந்திருக்கும். செசரியாவோ உள்நாட்டு நகரம். இருந்த தானியத்தையும் வசதி படைத்தவர்கள் விலை ஏறட்டும் என்று பூட்டி வைத்தார்கள். பசிலியார் அப்போது ஆயரல்லர், குருவானவர். செல்வக் குடும்பத்தில் பிறந்து ஏதென்ஸில் படித்தவர். தம் பங்குக்கு வந்த சொத்தை விற்றார். பசித்தவர்களை ஓரிடத்தில் கூட்டி, அண்டா அண்டாவாகப் பருப்புக் கூழ் காய்ச்சி ஊற்றினார். சீடர்களின் பாதங்களைக் கழுவிய கிறிஸ்துவைப் போல அவர்களுக்குப் பணிவிடையும் செய்தார். இதைப் பதிவு செய்தவர் அவருடைய நண்பர் நசியான்சு கிரகோரியார். பசிலியாரின் அக்கா மக்ரீனாவும் பஞ்சத்தில் வழியோரம் கிடந்த பெண்களை எடுத்து வளர்த்தார்.

அக்காலத்தை ஒட்டிய பசிலியாரின் மறையுரைகளைப் படித்தால்தான் இந்தச் செயல்களின் ஆழம் புரியும். லூக்கா நற்செய்தி 12ஆம் அதிகாரத்தில் வரும், களஞ்சியத்தை இடித்துப் பெரிதாகக் கட்ட நினைத்த செல்வனின் உவமையை அவர் விளக்குகிறார். நடுவில் ஒரு தகப்பனைக் கொண்டுவந்து நிறுத்துகிறார். வீட்டில் உணவில்லை; பிள்ளைகளில் ஒருவரை விற்றால் மற்றவர்கள் பிழைப்பார்கள். மூத்தவனையா, இளையவனையா? யாரை விற்பது என்று அவன் தவிக்கும்போது, வாங்க வந்தவன் விலையைக் குறைத்துப் பேரம் பேசுகிறான். கேட்டுக்கொண்டிருந்த செல்வர்களுக்கு அந்த வாங்குபவன் யாரென்று தெரியாமலா இருந்திருக்கும்?

பசிலியாரின் வாதம் கடுமையானது. தேவைக்கு மிஞ்சிச் சேர்த்து வைத்திருப்பது இல்லாதவருக்குச் சேர வேண்டியது. அதைக் கொடுப்பது தயவு அல்ல, நீதி. இரக்கத்தைக் கொடுப்பவரின் பெருந்தன்மையாகப் பார்க்காமல் பெறுபவரின் உரிமையாகப் பார்த்ததே அவருடைய தனிச்சிறப்பு. செல்வத்தைக் கிணற்றோடும் ஒப்பிட்டார்: இறைத்தால் ஊறும், இறைக்காவிட்டால் நாறும். இதே கருத்துள்ள பழமொழி தமிழில் இருப்பதால் நம் காதுக்கு அது அயலாகப்படுவதில்லை.

370இல் ஆயரான பின் பசிலியார் அறநிலையத்தைக் கட்டத் தொடங்கினார். அதைப் பற்றி ஆளுநரிடம் யாரோ கோள் சொல்ல, ஆளுநர் எலியாவுக்கு அவர் விளக்கக் கடிதம் எழுத நேர்ந்தது. நமக்கு அது நன்மையாக முடிந்தது, ஏனென்றால் உள்ளே என்ன இருந்தது என்பதை அதில்தான் பார்க்கிறோம்: அயலார் தங்கும் விடுதி, மருத்துவர்கள், செவிலியர், சுமை விலங்குகள், வழித்துணைவர்கள், தொழிற்கூடங்கள். கிரகோரியார் இதைப் புதிய நகரம் என்றே போற்றுகிறார். ஊரும் உறவும் ஒதுக்கிய தொழுநோயாளிகளைப் பசிலியார் உடன்பிறந்தாராகக் கருதி அணைத்துக்கொண்டார் என்றும் சொல்கிறார். சமயக் கொள்கையில் பசிலியாருக்கு நேர் எதிராக நின்ற பேரரசர் வாலென்ஸ்கூட, அவருடைய பராமரிப்பில் இருந்த ஏழைகளுக்காக நிலங்கள் அளித்ததாக வரலாற்றாசிரியர் தியோதரேத் எழுதுகிறார்.

இதுவே உலகின் முதல் மருத்துவமனை என்பாருண்டு. உரோமைப் படைமுகாம்களில் வீரர்களுக்கான மருத்துவ இல்லங்கள் முன்பே இருந்தன. பசிலியாருக்கு முன்னோடியான செபாஸ்தே எயுஸ்தாத்தியாரும் ஏழையர் இல்லம் நடத்தினார். ஆனால் பணமில்லாத எவரும் நுழையக்கூடிய, மருத்துவர்கள் உடனிருந்த இல்லம் என்ற அளவில் பசிலியாசுக்கு அந்தப் பெருமை தகும்.

பசிலியார் 379இல் இறந்தார். அடக்கத்துக்கு யூதர்களும் பிற சமயத்தாரும் திரண்டு வந்து அழுதார்கள். கத்தோலிக்கத் திருச்சபை ஜனவரி 2ஆம் நாள் அவரை நினைவுகூர்கிறது. நிறுவியவர் பெயரால் வழங்கிய இந்த இல்லத்தின் புகழ் 5ஆம் நூற்றாண்டிலும் மங்கவில்லை என்பதற்கு வரலாற்றாசிரியர் சோசோமெனின் குறிப்பு சான்று. பசிலியாரின் காலத்திலேயே சுற்றுவட்டார ஊர்களிலும் சிறு இல்லங்கள் நடந்தன. அவற்றுக்கு வரிவிலக்கு கேட்டு அதிகாரிகளுக்குப் பசிலியார் எழுதிய கடிதங்கள் இன்றும் கிடைக்கின்றன.