ஒருமை ‘தே’

ஆணா பெண்ணா என்று தெரியாத, அல்லது சொல்லத் தேவையில்லாத ஒருவரைக் குறிக்க ஆங்கிலத்தில் பன்மைப் பிரதிப்பெயரான ‘தே’யைப் பயன்படுத்தும் வழக்கு. மறந்து வைத்த குடையைப் பார்த்து “சம்ஒன் லெஃப்ட் தேர் அம்பிரல்லா” என்பார்கள். இது இன்றைய புதுமை என்று பலர் நினைக்கிறார்கள். ஆனால் ஆக்ஸ்ஃபோர்டு அகராதி காட்டும் முதல் சான்றுக்கு வயது அறுநூறுக்கு மேல். அது 1375ஆம் ஆண்டினது. ஷேக்ஸ்பியரும் ஜேன் ஆஸ்டினும் தாராளமாகவே கையாண்டார்கள்.

தடை பிறகுதான் வந்தது. ‘ஹி’யே இருபாலுக்கும் போதும் என்று 18ஆம் நூற்றாண்டு இலக்கணிகள் விதித்தனர், அவர்களில் முந்தியவர் ஆன் ஃபிஷர் என்ற பள்ளி ஆசிரியை என்பது வேடிக்கை. 1850இல் பிரிட்டிஷ் நாடாளுமன்றம், சட்டங்களில் வரும் ஆண்பாற் சொற்கள் பெண்களையும் குறிக்கும் என்றது. இந்தியாவின் ஜெனரல் கிளாசஸ் சட்டமும் (1897) அதையே சொல்கிறது. 1850ஆம் ஆண்டு விதியை நம்பி மான்செஸ்டர் பெண்கள் ஆயிரக்கணக்கில் வாக்காளர் பட்டியலில் பெயர் சேர்க்கக் கேட்டார்கள். 1868இல் சோர்ல்டன் எதிர் லிங்ஸ் வழக்கில் நீதிமன்றம் கைவிரித்துவிட்டது: தேர்தல் சட்டத்தின் ‘மேன்’ ஆண் மட்டுமே. ‘ஹி’ பொதுச்சொல் என்ற வாதத்தின் பலம் அவ்வளவுதான்.

புதுச்சொல் படைக்கவும் முயன்றார்கள். அமெரிக்க வழக்கறிஞர் சார்லஸ் கன்வர்ஸ் உருவாக்கிய ‘தான்’ (thon) 1934இல் வெப்ஸ்டர் அகராதியில் ஏறி, 1961 பதிப்பில் காணாமல் போனது.

நடைமுறையில் “எவ்ரி ஸ்டூடன்ட் மஸ்ட் பிரிங் ஹிஸ் புக்” என்ற வாக்கியத்தைத் திருத்தப் பல வழிகள் உண்டு. ‘ஆல் ஸ்டூடன்ட்ஸ்’ என்று பன்மையாக்கினால் ‘தேர்’ சிக்கலின்றிப் பொருந்தும். ‘ஹிஸ்’ஸை எடுத்துவிட்டு ‘ஏ புக்’ என்றாலும் பொருள் கெடாது. ‘ஹி ஆர் ஷி’ ஒருமுறை வந்தால் சரி; ஒரே பத்தியில் மூன்றாம் முறை வந்தால் வாடகை ஒப்பந்தம் படிப்பதுபோல் இருக்கும். எதுவும் இயல்பாக அமையாதபோது ‘தே’யே மேல். வாஷிங்டன் போஸ்ட் 2015இலும், அசோசியேட்டட் பிரஸ் கையேடு 2017இல் கட்டுப்பாடுகளுடனும், அமெரிக்க உளவியல் சங்கக் கையேடு 2019இல் முழுமையாகவும் ஏற்றன. தம்மைத் ‘தே’ என்றே குறிப்பிடும் ஒருவரைப் பற்றி எழுதும்போது அதையே எழுத வேண்டும் என்கிறது கடைசிக் கையேடு.

வினை பன்மையிலேயே வரும்: ‘தே ஆர்’, ஒருபோதும் ‘தே இஸ்’ அல்ல. ஒருவரையே ‘அவர் வந்தார்’ என்னும் தமிழருக்கு இது உறுத்தாது. ‘தெம்செல்வ்ஸ்’ஸா, ‘தெம்செல்ஃப்’பா என்பதில்தான் எழுதுவோரிடையே இன்னும் ஒருமித்த கருத்தில்லை.