பறவைகளின் பஞ்சாங்கம்

குயில் பிறர் கூட்டிலே முட்டையிடும் பறவை என்பதை யாவரும் அறிவர். இலங்கையிலும் இந்தியாவிலும் வாழும் குயில் காகத்தின் கூட்டை நாடுவது போல, ஐரோப்பாவிற் காணப்படும் குயில் தன்னினும் மிகச் சிறிய குருவிகளின் கூட்டை நாடுகின்றது. முட்டையிட்டதோடு தாயின் கடமை முடிந்துவிடும். யூன் மாத இறுதியிலும் யூலை மாதத்திலும் தாயும் தந்தையும் ஆபிரிக்காவை நோக்கிப் புறப்பட்டுவிடுகின்றன. அவ்வேளையிற் குஞ்சு, வளர்ப்புப் பெற்றோர் கொணரும் புழுக்களை உண்டு வளர்ந்துகொண்டிருக்கும். பின்னர், பல வாரங்கள் கழிந்து, அக்குஞ்சும் ஒருநாள் தனித்துப் புறப்பட்டுக் கண்டறியாத ஒரு கண்டத்தை நோக்கிப் பறக்கின்றது. வழிகாட்டத் தாயில்லை, வளர்த்த குருவியோ பல வேளைகளிற் பிறந்த இடத்தை விட்டு நெடுந்தூரம் செல்லாத இனத்தைச் சேர்ந்தது.

அங்ஙனமாயின், புறப்படவேண்டிய காலத்தை அக்குஞ்சுக்கு உரைத்தவர் யார்? இக்கேள்விக்குத் தக்க விடை காண மனிதனுக்கு இரண்டாயிரம் ஆண்டுகளுக்கு மேல் வேண்டியிருந்தது.

பண்டைக்காலத்தார் பறவைகள் பருவந்தோறும் தோன்றி மறைவதைக் கண்டனர். அவை சென்று சேரும் இடத்தை அறிந்திலர். கிரேக்க அறிஞரான அரிஸ்டாட்டில், தகைவிலான் குருவிகளிற் சில பனிக்காலத்திற் பொந்துகளிலே ஒடுங்கிக் கிடக்கும் என எழுதினார். ஒருவகைக் குருவி பருவம் மாறும்போது வேறொருவகைக் குருவியாக உருமாறும் என்றும் அவர் கருதினார். 1555 ஆம் ஆண்டிலே சுவீடன் தேசத்து ஒலாவுஸ் மாக்னுஸ் என்னும் பாதிரியார், மீனவர் நீருக்கடியிலிருந்து தகைவிலான்களை வலையில் வாரி எடுப்பதாக எழுதியதோடு, அதற்குப் படமும் வெளியிட்டார். தமிழ்நாட்டிலோ சத்திமுற்றப் புலவர், தென்திசைக் குமரியாடி வடதிசைக்கு மீளும் நாரையைத் தூது விடுக்கின்றார். பறவை தெற்கே வந்து வடக்கே மீளும் என்பது தமிழ்ப் புலவருக்குப் புலனாகியிருந்தது.

ஐரோப்பாவிலே இவ்வையத்தைத் தீர்க்க ஒரு நாரையே சாட்சியாக வந்தது. 1822 ஆம் ஆண்டிலே ஜேர்மனியின் மெக்லன்பேர்க் பகுதியில், குளூட்ஸ் என்னும் ஊரின் அருகே ஒரு செங்கால் நாரை சுட்டு வீழ்த்தப்பட்டது. அதன் கழுத்தை ஊடுருவி ஏறக்குறைய 80 சதமமீற்றர் நீளமான ஓர் ஈட்டி நின்றது. அவ்வீட்டி ஆபிரிக்க மக்கள் செய்தது என அறிஞர் கண்டனர். ஆபிரிக்காவில் எய்யப்பட்ட ஈட்டியைத் தாங்கிக்கொண்டே அந்நாரை ஐரோப்பாவுக்குத் திரும்பியிருந்தது. அதனுடல் ரொஸ்ரொக் பல்கலைக்கழகத்திலே பேணி வைக்கப்பட்டுள்ளது. பின்னர் 1899 ஆம் ஆண்டிலே டென்மார்க்கின் வீபோர்க் நகரிலே ஆசிரியராயிருந்த மோர்ட்டென்சன் என்பார், நாகணவாய் இனத்தைச் சேர்ந்த ஸ்ராலிங் பறவைகளின் காலில் இலக்கம் பொறித்த அலுமினிய வளையங்களை இட்டு விடுத்தார். வளையமிடும் இம்முறை பரவவே, பறவைகள் எங்கே செல்கின்றன என்னும் வினா மெல்ல மெல்லத் தீர்ந்தது. எப்பொழுது செல்லவேண்டும் என்பதை அவை எவ்வாறு அறிகின்றன என்னும் வினா மட்டும் எஞ்சியது.

குளிரும் பசியுமே பறவைகளைத் துரத்துகின்றன எனப் பலர் நெடுங்காலம் நம்பியிருந்தனர். இந்நம்பிக்கையை 18 ஆம் நூற்றாண்டின் தொடக்கத்திலேயே மறுத்தவர் பெர்னாவ் என்னும் பிரபு. உணவு நிறைந்து, வானிலையும் இதமாயிருக்கும் போதே பல பறவைகள் புறப்பட்டுவிடுவதைக் கண்டு, உள்ளிருந்து எழும் ஓர் உந்துதலே அவற்றைச் செலுத்துகின்றது என அவர் கருதினார். அந்நூற்றாண்டின் பிற்பகுதியிலே யொகான் அந்திரேயாஸ் நௌமான் என்பார் தாம் கூட்டில் வளர்த்த பறவைகளை இரவிலே கூர்ந்து நோக்கினார். உணவுக்குக் குறைவில்லை, குளிருமில்லை. ஆயினும் வலசைக்குரிய பருவம் வந்ததும் அவை உறங்காது சிறகடித்தன. இருந்த இடத்திலே இருக்கமாட்டாது தத்தித் திரிந்தன. அப்பருவம் கழிந்ததும் அடங்கின. இவ்விரவுத் தவிப்பே பின்னர் ஆராய்ச்சியாளருக்கு அளவுகோலாயிற்று. பறக்கவியலாத பறவையும், தான் பறக்கவேண்டிய நாட்களைத் தன் தவிப்பினாற் கணக்கிட்டுக் காட்டியது.

20 ஆம் நூற்றாண்டிலே இவ்வாராய்ச்சி பரிசோதனைச் சாலைக்குள் நுழைந்தது. கனடாவின் அல்பேட்டா பல்கலைக்கழகத்திற் பேராசிரியராயிருந்த வில்லியம் ரோவன், 1924 ஆம் ஆண்டிலே ஜங்கோ எனப்படும் சிறு குருவிகளைக் கடுங்குளிரில் வெளிக்கூண்டுகளிலே வைத்தார். ஒரு பகுதியினவற்றுக்கு மாலைதோறும் மின்விளக்கேற்றிப் பகலை நாளுக்கு நாள் நீட்டினார். உறைபனிக்காலத்தின் நடுவிலே, ஒளிபெற்ற குருவிகளின் இனப்பெருக்க உறுப்புகள் வசந்தகாலத்திற் போலப் பருத்தன. விடுவிக்கப்பட்டபோது அவற்றுட் பல பறந்து சென்றன; ஒளிபெறாதவையோ பெரும்பாலும் அவ்விடத்திலேயே தங்கின. பகற்பொழுதின் நீளமே பறவைக்குப் பருவத்தை உணர்த்துகின்றது என்பது இதனாற் பெறப்பட்டது.

எனினும் இவ்விடையாற் புதியதோர் இடர்ப்பாடு எழுந்தது. வடதேசங்களிலே பகலின் நீளம் பருவத்துக்குப் பருவம் பெரிதும் மாறும். கொழும்பிலோ ஆண்டின் மிக நீண்ட பகலுக்கும் மிகக் குறுகிய பகலுக்கும் இடையே ஒரு மணித்தியாலத்திற்கும் குறைவான வேறுபாடே உண்டு. மத்திய கோட்டை அணுக அணுக அதுவும் மறைந்துவிடும். அங்ஙனமாயின் மத்திய ஆபிரிக்கக் காடுகளிலே பனிக்காலத்தைக் கழிக்கும் ஒரு குருவி, தன் வடநாட்டிலே பனி உருகுங் காலம் வந்துவிட்டது என்பதை எதனைக் கொண்டு அறியும்?

இதற்கு விடை தந்தவர் ஜேர்மனியின் மக்ஸ் பிளாங்க் நிறுவனத்தைச் சேர்ந்த எபெர்காட் குவின்னர். 1960 களிலே அவர் சிறு பாடுங்குருவிகளை, நாள்தோறும் 12 மணித்தியாலம் ஒளியும் 12 மணித்தியாலம் இருளும், மாறாத வெப்பநிலையும் கொண்ட அறைகளில் வைத்தார். வேனிலோ மாரியோ அறியாத அவ்வறைகளிலும் அவை உரிய பருவங்களிலே இறகுதிர்த்தன, கொழுப்பேற்றின, இரவிலே தவித்தன. பின்னர் நடந்த பரிசோதனைகளிலே பல ஆண்டுகள் இவ்வாறு வாழ்ந்த பறவைகளிடமும் இச்சுழற்சி ஓயவில்லை. இதில் உற்றுநோக்கற்பாலது ஒன்றுண்டு. அச்சுழற்சி சரியாக 12 மாதமாக அமையாது, பெரும்பாலும் அதனிற் குறைந்து, ஏறக்குறைய 10 மாதமாக நின்றது. வெளியுலகின் ஏதோ ஓர் அறிகுறியை அவை மறைவாக உணர்ந்திருப்பின் கணக்கு 12 மாதத்திலிருந்து பிசகியிராது. பிசகியதாலேயே அது பறவையின் உள்ளிருந்து எழுங் கணக்கு என்பது உறுதியாயிற்று. பறவைக்குள்ளே ஓர் ஆண்டுக் கடிகாரம் ஓடுகின்றது. பகலின் நீளம் அக்கடிகாரத்தைத் திருத்தி வைக்கின்றது.

அக்கடிகாரம் பெற்றோரிடமிருந்து வந்த முதுசொம்தானா? இதனை நிறுவியவர் ஜேர்மனியின் இராடொல்ஃப்செல் பறவை நிலையத்திலே பணியாற்றிய பீற்றர் பெர்தோல்ட். அவர் தெரிந்தெடுத்தது பிளாக்காப் என்னும் கருந்தலைக் குருவி. இக்குருவியின் எல்லாக் குடிகளும் ஒரே வகையில் வலசை போவதில்லை. வடக்கே பின்லாந்திலுள்ளவை நெடுந்தூரம் பறக்கின்றன. ஜேர்மனியிலுள்ளவை அதனிற் குறைந்த தூரம் செல்கின்றன. அத்திலாந்திக் சமுத்திரத்துக் கனேரித் தீவுகளிலுள்ளவையோ பெரும்பாலும் இடம்பெயர்வதில்லை. இவற்றின் குஞ்சுகளை மனிதர் கையால் ஊட்டி வளர்த்தபோது, நெடுந்தூரம் செல்லும் குடியின் குஞ்சுகள் நெடுநாள் தவித்தன. குறுந்தூரம் செல்லும் குடியினவை சில நாளே தவித்தன. பெர்தோல்டும் அவருடைய துணைவரும் ஜேர்மனிய இனத்தையும் கனேரித் தீவினத்தையும் கலந்து குஞ்சு பெற்றனர். 1981 ஆம் ஆண்டிலே அவர்கள் வெளியிட்ட முடிவு அறிஞர் உலகை வியப்பில் ஆழ்த்தியது. கலப்பினக் குஞ்சுகளின் தவிப்பு, தாயினத்துக்கும் தந்தையினத்துக்கும் இடைப்பட்டதாயிருந்தது.

அடுத்த பரிசோதனை இன்னும் வலியது. தென் பிரான்சிலே இக்குருவிகளுட் பெரும்பாலானவை வலசை போகும். சில ஊரிலேயே தங்கும். தவிக்கும் பறவையைத் தவிக்கும் பறவையோடும், தவிக்காததைத் தவிக்காததோடும் தலைமுறை தலைமுறையாக இணைத்தனர். மூன்றே தலைமுறைகளில் முழுவதும் வலசை போகும் குலமொன்று உருவாயிற்று. ஆறு தலைமுறைக்குள் ஏறத்தாழ முழுவதும் ஊரோடு தங்கும் குலம் மற்றொன்று உருவாயிற்று. 2001 ஆம் ஆண்டிலே வெளியான ஆய்வு புறப்படும் காலத்தையே ஆராய்ந்தது. முந்திப் புறப்படும் இயல்பும் பிந்திப் புறப்படும் இயல்பும் பெற்றோர்வழி பிள்ளைகளுக்கு வருவன என்றும், பிந்துவனவற்றைத் தெரிந்து இணைப்பின் சந்ததியும் பிந்தும் என்றும் அது காட்டியது.

வளர்ப்புக் கூண்டுக்கு வெளியேயும் இத்தகைய மாற்றம் நிகழ்ந்தது. மத்திய ஐரோப்பியக் கருந்தலைக் குருவிகள் பனிக்காலத்திலே தென்மேற்காக ஸ்பெயினையும் வட ஆபிரிக்காவையும் நோக்கிச் செல்வதே வழக்கம். 20 ஆம் நூற்றாண்டின் பிற்பாதியிலே அவற்றுட் சில வடமேற்காகத் திரும்பி, பிரித்தானியாவிலே பனிக்காலத்தைக் கழிக்கத் தொடங்கின. அங்கே மக்கள் தோட்டங்களிலே வைக்கும் தீனியும் அவற்றுக்குக் கிடைத்தது. அவ்வாறு தங்கியவற்றைப் பிடித்து ஜேர்மனியிலே இனம்பெருக்கியபோது, பிரித்தானியாவை ஒருபோதும் கண்டிராத குஞ்சுகளும் பெற்றோர் சென்ற அதே திசையையே நாடின. இம்முடிவு 1992 ஆம் ஆண்டிலே வெளியாயிற்று.

இவ்வியல்பைச் சுமக்கும் பரம்பரையலகு எது எனக் காண்பது எளிதாயிருக்கவில்லை. 1971 ஆம் ஆண்டிலே கலிபோர்னியாவில் கொனொப்காவும் பென்சரும் பழ ஈயிலே, நாளாந்தக் கடிகாரத்தை ஆளும் பரம்பரையலகை இனங்கண்டனர். அத்தகைய கடிகார அலகுகள் பறவைகளிலும் உள. 2011 ஆம் ஆண்டிலே கருந்தலைக் குருவிகளை ஆராய்ந்தோர், ஒரு பரம்பரையலகின் நீண்ட வடிவத்தைப் பெற்றவை மிகுதியாகத் தவிக்கின்றன எனக் கண்டனர். ஆயினும் அவ்வலகு முழு வேறுபாட்டின் ஒரு சிறு கூறையே விளக்குகின்றது. ஏனைய பறவையினங்களில் அதன் தொடர்பு ஒரே சீராகக் காணப்படவும் இல்லை. பஞ்சாங்கம் ஓர் ஏட்டில் எழுதப்பட்டதன்று. பல ஏடுகளிலே சிறிது சிறிதாகப் பரந்து கிடக்கின்றது.

இப்பஞ்சாங்கம் பல்லாயிரம் தலைமுறைகளின் தேர்விலே திருந்தியது. முந்தி வந்தவை பனியில் மடிந்தன. பிந்தி வந்தவை கூடு கட்ட நல்லிடமின்றித் தவித்தன. உரிய நாளில் வந்தவையே மிகுதியான சந்ததியை விட்டுச் சென்றன. உலகின் பருவம் மாறாதிருக்கும்வரை இக்கணக்குப் பிழைப்பதில்லை. புவி வெப்பமடையும் இக்காலத்திலோ, வடதேசங்களில் வசந்தம் முந்தி வருகின்றது. மரம் முந்தித் தளிர்க்கின்றது. குஞ்சுகளுக்கு உணவாகும் மயிர்க்கொட்டிகள் முந்திப் பெருகி, முந்தியே மறைகின்றன. ஆபிரிக்காவிலே தங்கியிருக்கும் பறவை இதனை அங்கிருந்து அறியும் வகையில்லை. பழைய பஞ்சாங்கத்தை நம்பியே அது புறப்படுகின்றது.

இதனால் விளையும் கேட்டை ஒல்லாந்து தேசத்து ஆராய்ச்சியாளர் எடுத்துக்காட்டினர். கறுப்பும் வெள்ளையும் கலந்த ஈபிடிப்பான் என்னும் சிறு பறவை மேற்கு ஆபிரிக்காவிலிருந்து அங்கே வருவது. 1980 முதல் 2000 வரையான 20 ஆண்டுகளில் அது முட்டையிடும் நாள் முந்தியது. ஆயினும் போதிய அளவு முந்தவில்லை. வந்து சேரும் நாள் மாறாமையே அதற்குத் தடையாயிற்று. மயிர்க்கொட்டிகள் மிக முந்திப் பெருகும் காடுகளிலே, ஏறக்குறைய இரு தசாப்தங்களில் இப்பறவையின் தொகை நூற்றுக்கு 90 வீதமளவு குறைந்துவிட்டது என 2006 ஆம் ஆண்டிலே அவர்கள் அறிவித்தனர்.

எனினும் பஞ்சாங்கம் திருந்தவே மாட்டாது என்றும் சொல்லுதற்கில்லை. 1981 ஆம் ஆண்டிலே குவின்னர் ஜேர்மனியில் ஓரிடத்து ஈபிடிப்பான் குஞ்சுகளைக் கொண்டு ஒரு பரிசோதனை நடத்தினார். 21 ஆண்டுகள் கழித்து, 2002 ஆம் ஆண்டிலே, அதே இடத்துக் குஞ்சுகள் அதே ஒளியமைப்பில் மீண்டும் வளர்க்கப்பட்டன. 2004 ஆம் ஆண்டிலே குவின்னர் மறைந்தார். அவரோடு பணியாற்றிய பார்பரா கெல்மும் பிறரும் 2019 ஆம் ஆண்டிலே முடிவை வெளியிட்டனர். பிற்காலத்துக் குஞ்சுகளின் வசந்தகாலத் தவிப்பு ஏறக்குறைய 9 நாட்கள் முந்தித் தொடங்கியிருந்தது. உள்ளே ஓடும் கடிகாரமே மாறத் தொடங்கியிருந்தது என்பதற்கு இது வலுவான சான்றாகும். ஒல்லாந்திலிருந்து சுவீடனுக்குக் கொண்டுசெல்லப்பட்ட ஈபிடிப்பான் பேடுகள், அந்நாட்டுப் பறவைகளினும் முந்தி முட்டையிட்டு, மிகுதியான சந்ததியைப் பெற்றன எனவும் 2023 ஆம் ஆண்டிலே ஓர் ஆய்வு கூறியது. ஒரு நாட்டிலே காலம் பிந்திய பறவை, வேறொரு நாட்டிலே காலத்துக்கு ஏற்றதாய் அமைந்தது.

ஆகவே பறவைகளின் எதிர்காலம் அவற்றிடையே நிலவும் வேறுபாட்டிலே தங்கியுள்ளது. ஒரு குடியிலே முந்துவனவும் பிந்துவனவும், நெடுந்தூரம் செல்வனவும் ஊரோடு தங்குவனவும் கலந்திருக்கும்வரை, மாறும் பருவத்துக்கு ஏற்றவை அவற்றுட் சிலவேனும் இருக்கும். தொகை அருகிச் சிலவே எஞ்சுமிடத்து, அவ்வேறுபாடும் அருகும். திருத்துதற்குரிய ஏடுகள் குறைந்த பஞ்சாங்கம் திருந்துதல் அரிது. பறவை வந்திறங்கும் சதுப்பு நிலத்தையும், அது கூடு கட்டும் காட்டையும், இடையிலே தங்கி இளைப்பாறும் கரையையும் காப்பது, இன்றுள்ள பறவைகளைக் காப்பதோடு முடிவதன்று. வருங்காலத்து வசந்தத்தை உரிய நாளிலே சென்று காணவல்ல பறவை எது என்பதை எவராலும் இன்று தெரிந்தெடுத்துக் கூறவியலாது; அப்பறவையும் இக்கூட்டத்தினுள்ளேயே பறந்துகொண்டிருக்கின்றது.